தொடுவதற்கு முன் என்ன கேட்டார்?

கேள்வி: எனக்கு வயது 39. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர் வேலை. பகல் முழுக்க கம்ப்யூட்டர், ராத்திரி பையர்களோடு (சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள்) போன். இரண்டு மாதமாகக் கழுத்து வலி. வலது கையில் பெருவிரல் வரைக்கும் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு வந்து வந்து போகிறது. இடுப்பு வலி பழைய கதை. இரண்டு வருஷம் முன்பு எடுத்த எம்ஆர்ஐயில் 'டிஸ்க் பல்ஜ்' (முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை பிதுங்குவது) என்று எழுதியிருந்தார்கள். கூட வேலை செய்பவர் சொன்னதால் கோவையில் ஒரு கைரோபிராக்டிக் (முதுகையும் கழுத்தையும் கையால் தள்ளிச் சொடக்கு எடுக்கிற வைத்தியம்) கிளினிக்குக்குப் போனேன். முதல் பரிசோதனை 499 ரூபாய். எக்ஸ்ரே எடுத்தார்கள். கழுத்தின் வளைவு போய் நேராகிவிட்டது, வலது கால் எட்டு மில்லிமீட்டர் குட்டை, இப்படியே விட்டால் இரண்டு வருஷத்தில் ஆபரேஷன்தான் என்றார்கள். அன்றைக்கே முதுகில் சொடக்கு எடுத்துவிட்டார். கழுத்து அடுத்த வாரமாம். இரண்டு நாள் உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் பழையபடி. 24 சிட்டிங்குக்கு 42,000 ரூபாய், அன்றே கட்டினால் 30,000. முன்பணமாக 5,000 கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். மீதியை இந்த வாரத்துக்குள் கட்டினாலும் அதே விலைக்குத் தருவார்களாம். அம்மாவையும் (67 வயது, சர்க்கரை உண்டு, போன வருஷம் ஸ்டென்ட் வைத்தார்கள்) பத்து வயது மகனையும் சேர்த்தால் ஃபேமிலி பேக் என்கிறார்கள். சலூனில் கழுத்தைச் சொடக்கு எடுக்கும்போதும் எனக்கு இதே சுகம்தான். போகலாமா? நல்ல கைரோபிராக்டர் யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: முதலில் என் கடை எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நான் பிசியோதெரபிஸ்ட். இருபத்திரண்டு வருஷமாக ஊராரின் இடுப்பும் கழுத்தும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. கைரோபிராக்டர் என் பக்கத்துக் கடைக்காரர் மாதிரி. அவரைப் பற்றி நான் சொல்வதில் கொஞ்சம் கழித்துக்கொண்டே படியுங்கள். எங்கள் கடையிலும் சொத்தைச் சரக்கு உண்டு. வலி என்று வந்தவரை ஒரு வார்த்தை விசாரிக்காமல் படுக்கவைத்து, மெஷினை மாட்டி, இருபது நிமிஷம் கரண்ட் வைத்து, பத்து நாள் வரச் சொல்லி அனுப்புகிற பிசியோதெரபி கிளினிக்குகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே கீழே வரும் கேள்விகளை என்னிடம் வந்தாலும் கேளுங்கள்.

அவசரமாகச் சொல்ல வேண்டியது மூன்று. மீதி 25,000 ரூபாயைக் கட்டாதீர்கள். கையில் குறுகுறுப்பு இருக்கும்போது, அதைச் சோதித்துப் பார்க்காத யாரையும் கழுத்தைத் திருப்ப விடாதீர்கள். அம்மாவை அங்கே கூட்டிப்போகவே வேண்டாம். காரணங்களுக்கு இனி வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் ஒரு விஷயத்தை இரண்டு தடவை தேடிப் பார்த்தேன். அந்தக் கைரோபிராக்டர் உங்களிடம் என்னென்ன கேட்டார் என்பதை. எக்ஸ்ரே இருக்கிறது, கால் அளவு இருக்கிறது, பணக்கணக்கு மூன்று விதமாக இருக்கிறது. கையின் பலத்தைத் தள்ளச் சொல்லிப் பார்த்தாரா, முழங்கையில் சுத்தியலால் தட்டினாரா, ராத்திரியில் வலி எழுப்புகிறதா என்று கேட்டாரா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்திருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எப்போதாவது கீழே விழுந்தீர்களா? ஒரு வரி இல்லை. நீங்கள் எழுத மறந்திருக்கலாம். ஆனால் எட்டு மில்லிமீட்டரை நினைவு வைத்திருக்கிறவர் சுத்தியலை மறந்திருக்க மாட்டார் என்று தோன்றுகிறது.

சரி, அந்த இரண்டு நாள் பஞ்சு. அது பொய்யில்லை. முதுகு மூட்டைச் சட்டென்று ஒரு தள்ளுத் தள்ளும்போது சுற்றியிருக்கும் தசை கொஞ்ச நேரம் தளர்கிறது, வலி உணர்வு கொஞ்சம் மட்டுப்படுகிறது. படபடவென்று வருகிற சத்தத்தைக் கேட்டு, விலகின எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். மூட்டுக்குள் எண்ணெய் மாதிரி ஒரு திரவம் இருக்கிறது. மூட்டின் இரண்டு பரப்பும் சட்டென்று பிரியும்போது அந்தத் திரவத்துக்குள் ஒரு வாயுக் குமிழி உண்டாகிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரலை இழுத்துச் சொடக்கு எடுக்கும்போதே எம்ஆர்ஐ படமாக ஓடவிட்டு 2015-இல் இதைக் காட்டினார்கள். அதனால்தான் ஒரு தடவை சொடக்கு எடுத்த விரலில் இருபது நிமிஷம் கழியாமல் மறுபடி சத்தம் வராது. முதுகிலும் அதே கதைதான். எந்த மூட்டைக் குறிவைத்துத் தள்ளினாரோ அங்கிருந்துதான் சத்தம் வரும் என்றும் இல்லை. சத்தம் வந்தவருக்கு வலி அதிகம் குறைந்தது, வராதவருக்குக் குறையவில்லை என்றும் இல்லை. வீடியோவில் மைக்கை முதுகுக்குப் பக்கத்தில் வைப்பது பார்க்கிறவருக்காக. படுத்திருக்கிறவருக்கு அதனால் ஒரு நன்மையும் கிடையாது.

எங்கள் ஊர்ப் பக்கம் இடுப்புப் பிடித்துக்கொண்டால், தாய் வயிற்றிலிருந்து கால் முன்னால் வந்து பிறந்த பிள்ளையைத் தேடுவார்கள். கவிழ்ந்து படுக்கவைத்து அந்தப் பிள்ளை இடுப்பில் மூன்று மிதி மிதித்தால் போதும், பிடிப்பு விட்டுவிடும். என் பெரியப்பா அப்படித்தான் எழுந்து வயலுக்குப் போனார். மிதித்த பையனுக்கு ஒரு முறுக்குப் பொட்டலம். திடீரென்று வருகிற இடுப்புப் பிடிப்பு பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே தணிகிறது. அந்தச் சமயத்தில் யார் மிதித்தாலும், யார் நீவினாலும், யார் மெஷின் வைத்தாலும் பெயர் அவர்களுக்குத்தான். எனக்கும் இந்த வகையில் நிறையப் பெயர் கிடைத்திருக்கிறது. மறுத்துப் பேசியதில்லை.

இந்த வைத்தியம் பிறந்த கதையையும் கேளுங்கள். 1895-இல் அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் என்ற ஊரில் டேனியல் டேவிட் பாமர் என்பவர் காந்த சிகிச்சை நடத்திக்கொண்டிருந்தார். அந்தக் கட்டடத்தைக் கூட்டிப் பெருக்கும் ஹார்வி லில்லார்டு என்பவருக்குக் காது கேட்காது. அவர் முதுகில் துருத்திய ஒரு எலும்பைத் தள்ளிச் சரிசெய்தேன், காது கேட்டுவிட்டது என்றார் பாமர். கேட்கும் நரம்பு மூளையிலிருந்து நேரே காதுக்குப் போகிறது. முதுகுப் பக்கம் வருவதே இல்லை. ஆனாலும் அதிலிருந்து ஒரு கொள்கையையே கட்டி எழுப்பினார். உடம்புக்குள் பிறவியிலேயே ஒரு பேரறிவு ஓடுகிறது, முள்ளெலும்பு விலகினால் அது தடைப்படுகிறது, நோய்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அதனால்தான் வருகின்றன என்று 1910-இல் புத்தகமே எழுதினார். அந்த விலகலுக்கு அவர்கள் வைத்த பெயர் 'சப்லக்சேஷன்'. கிளினிக்கில் இந்தச் சொல் உங்கள் காதில் விழுந்திருந்தால் கவனியுங்கள். பிரிட்டனில் கைரோபிராக்டர்களைப் பதிவு செய்கிற அவர்களுடைய சொந்த கவுன்சிலே 2010-இல், இது நோய்க்குக் காரணம் என்று சொல்ல மருத்துவ ஆய்வு ஆதாரம் எதுவும் இல்லை, இது ஒரு வரலாற்றுக் கருத்து என்று அறிவித்துவிட்டது.

பிறந்த கதை இப்படி என்பதற்காக எல்லாமே குப்பை என்று தள்ளிவிடுவதும் சரியில்லை. அதே துறையில் பாமரின் கொள்கையை மூட்டை கட்டி வைத்துவிட்டு இடுப்பு வலி, கழுத்து வலி மட்டும் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையால் செய்வதும் நாங்கள் கையால் செய்வதும் பெரும்பாலும் ஒன்றுதான். பலன்? புதிதாக வந்த இடுப்பு வலிக்கு முதுகுக் கையாளல், அதாவது இப்படிக் கையால் தள்ளுவது, எவ்வளவு உதவுகிறது என்று 26 சோதனைகளைத் தொகுத்து 2017-இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. வலியை 100-க்கு இவ்வளவு என்று குறித்தால் சுமார் 10 குறைகிறது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு 47 சோதனைகளைப் பார்த்த 2019-ஆம் வருஷத்து பிஎம்ஜே (பிரிட்டிஷ் மருத்துவ இதழ்) கட்டுரை, உடற்பயிற்சி போன்ற மற்ற நல்ல சிகிச்சைகளுக்கு இணையாக இருக்கிறது என்றது. அதைவிட மேல் என்று சொல்லவில்லை. பிரிட்டனின் அரசு வழிகாட்டுதலும் உடற்பயிற்சியோடு சேர்த்துச் செய்வதானால் இதை யோசிக்கலாம் என்கிறது. தனியாகச் செய்வதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. ஆக இடுப்புக்கு நாலைந்து தடவை செய்து பார்ப்பதில் நியாயம் உண்டு. ஆஸ்துமா, சைனஸ், பிரஷர், குழந்தைப்பேறு, ஞாபகசக்தி என்று யாராவது ஆரம்பித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

எக்ஸ்ரேக்கு வருகிறேன். 'கழுத்தின் வளைவு போய்விட்டது' என்ற வரியை நம் ஊர் ரிப்போர்ட்டுகளில் நான் பார்க்காத வாரம் இல்லை. வலியே இல்லாத எத்தனையோ பேருக்குக் கழுத்து அப்படித்தான் இருக்கிறது. படம் எடுக்கும்போது தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கினாலே வளைவு மாறும். கால் நீளமும் அப்படி. இரண்டு காலும் அச்சாக ஒரே நீளம் இருப்பவர்கள்தான் குறைவு. அதிலும் படுக்கவைத்துக் குதிகாலைப் பிடித்து இழுத்துப் பார்க்கிற சோதனையில், நீங்கள் இடுப்பைக் கொஞ்சம் சாய்த்துப் படுத்திருந்தாலே எட்டு மில்லிமீட்டர் வந்துவிடும். சிகிச்சை முடிந்ததும் 'பாருங்கள், சரியாகிவிட்டது' என்று காட்டவும் அதே வசதி.

பழைய எம்ஆர்ஐயின் டிஸ்க் பல்ஜ் உங்களை இரண்டு வருஷமாகப் பயமுறுத்திக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். 2015-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் படங்களைக் கணக்கெடுத்தது. நாற்பது வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருந்தது. டிஸ்க் தேய்மானம் 68 சதவீதம் பேருக்கு. முடி நரைக்கிற மாதிரிதான் இதுவும். உங்கள் வலிக்கு இதில் பங்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். படத்தை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. 'இரண்டு வருஷத்தில் ஆபரேஷன்' என்ற ஜோசியத்துக்கு எந்த எக்ஸ்ரேயிலும் இடம் கிடையாது.

இருபத்து நாலு சிட்டிங் என்ற எண் எங்கிருந்து வந்தது என்று யோசித்தீர்களா? உங்கள் கழுத்திலிருந்து வந்திருந்தால் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு வேறு எண் வந்திருக்கும். அடுத்த தடவை வரவேற்பறையில் விசாரித்துப் பாருங்கள், எல்லாருக்கும் 12, 24, 36 என்றுதான் இருக்கும். புடவைக் கடையில் ஆடித் தள்ளுபடி போடுவதில் தப்பில்லை. இன்றைக்குக் கட்டினால் 12,000 குறைப்பேன் என்று வைத்தியத்தில் ஒருவர் சொன்னால், நீங்கள் வீட்டுக்குப் போய் யோசிப்பதை அவர் விரும்பவில்லை. நான் ஒருவரைப் பார்த்து நாலைந்து தடவைக்குள் ஒரு மாற்றமும் தெரியவில்லையென்றால் என் கணிப்பு தப்பு என்று பொருள். அப்போது சிகிச்சையை மாற்ற வேண்டும், அல்லது வேறு ஆளிடம் அனுப்ப வேண்டும். முப்பதாயிரத்தை முன்னாடியே வாங்கிப் போட்டுக்கொண்டவருக்கு அந்த ஐந்தாம் நாள் கேள்வி வரவே வராது.

இனி கழுத்து. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்து முள்ளெலும்புகளின் பக்கவாட்டில் உள்ள துளைகள் வழியாக, ஊசித்துளையில் நூல் கோத்த மாதிரி மேலே ஏறுகின்றன. உச்சியில், முதல் எலும்பும் இரண்டாம் எலும்பும் இருக்கிற இடத்தில் அவை வளைந்து நெளிந்து மண்டைக்குள் நுழைகின்றன. தலையைத் திருப்புகிற அசைவில் பாதி அந்த இரண்டு எலும்புக்கு நடுவில்தான் நடக்கிறது. அங்கே திடீரென்று ஒரு திருகு விழும்போது தமனியின் உட்சுவரில் கீறல் விழுந்து, ரத்தம் கட்டி, அது மூளைக்குப் போனால் பக்கவாதம். அபூர்வம்தான். ஆனால் இந்தக் கீறல் நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் வருகிறது, வந்தால் விளைவு சின்னதாக இருப்பதில்லை.

இதில் கைரோபிராக்டர்கள் பக்கம் ஒரு வாதம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2008-இல் வந்த ஒரு ஆய்வு, இந்த வகைப் பக்கவாதம் வந்த இளவயதுக்காரர்கள் அதற்கு முன் கைரோபிராக்டரிடம் போயிருந்த அளவுக்குக் குடும்ப டாக்டரிடமும் போயிருந்தார்கள் என்றது. அதாவது தமனி ஏற்கெனவே கிழிந்து, அதனால் வந்த கழுத்து வலிக்குத்தான் அவர்கள் வைத்தியம் தேடிப் போயிருக்கலாம். அமெரிக்க இதயச் சங்கமும் 2014-இல், இரண்டுக்கும் தொடர்பு தெரிகிறது, இதனால்தான் அது என்று உறுதியாக நிறுவப்படவில்லை, ஆனாலும் கழுத்தைக் கையாளும் முன் நோயாளிக்கு இந்தத் தொடர்பைச் சொல்லிவிட வேண்டும் என்றது. எனக்கு அந்த வாதமே பயத்தைக் கூட்டுகிறது. கிழிந்த தமனியோடு ஒருவர் வெறும் கழுத்து வலி என்று நடந்து வரக்கூடும் என்றால், கேள்வி கேட்காமல் அந்தக் கழுத்தைத் திருகுகிறவரை என்னவென்று சொல்வது? இதுவரை வந்திராத மாதிரி வலியா, ஒரு பக்கம் மட்டும் தலைவலியா, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம், முகத்தில் மரப்பு உண்டா என்று கேட்க இரண்டு நிமிஷம்கூட ஆகாது. கழுத்தில் கை வைத்த பிறகு இவற்றில் எதுவாவது வந்தால் படுத்துத் தூங்கிப் பார்க்கலாம் என்று இருந்துவிடக் கூடாது. உடனே 108. பக்கவாதத்துக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது.

கழுத்து வலிக்குத் திருகல் மட்டும்தான் வழி என்றால் இந்த ஆபத்தை எடைபோடலாம். மெதுவான அசைவுகளும் பயிற்சியும் ஏறக்குறைய அதே பலனைத் தருகின்றன. அதனால் என் கிளினிக்கில் கழுத்தைச் சட்டென்று திருப்பும் வேலையை நான் விட்டுப் பல வருஷம் ஆகிறது. தாடையில் பெல்ட்டை மாட்டி, ஒரே வெட்டாகத் தலையை இழுக்கிறார்களே, அந்த வீடியோ பக்கமே போகாதீர்கள்.

அம்மா. ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார். வயது 67, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு வலுக்குறைவது சர்வசாதாரணம். இந்த இரண்டும் சேர்ந்தவர் முதுகில் வேகமாக அழுத்துவது சூதாட்டம். இங்கிலாந்தில் யார்க் நகரத்தில் 2017-இல் எண்பது வயதை ஒட்டிய ஒருவர் கால் வலிக்காகக் கைரோபிராக்டரிடம் போய், சிகிச்சை மேசையிலேயே கழுத்து உடைந்து மறுநாள் இறந்துபோனார். வயதில் அவருடைய முதுகெலும்பின் நார்கள் இறுகி எலும்பாகிப்போயிருந்தன. சிகிச்சை கொடுத்தவர் முறையாகப் படித்துப் பதிவு செய்தவர். உங்கள் அம்மாவுக்கு வலி இருந்தால் இதய டாக்டரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டிக் கேட்டுவிட்டு, மெதுவான பயிற்சி சொல்லித் தரும் ஒருவரைப் பாருங்கள்.

மகனுக்கு என்ன வலி என்று நீங்கள் எழுதவில்லை. வலியே இல்லையென்றால் கூட்டிப்போக என்ன இருக்கிறது? குழந்தைகள் விஷயத்தில் இந்தத் துறை நிறைய அடி வாங்கியிருக்கிறது. பிரிட்டனில் சைமன் சிங் என்ற அறிவியல் எழுத்தாளர், குழந்தைகளின் வயிற்று வலிக்கும் ஆஸ்துமாவுக்கும் கைரோபிராக்டர்கள் உதவுவார்கள் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று 2008-இல் எழுதப்போக, அவர்களுடைய சங்கம் அவர்மேல் மானநஷ்ட வழக்குப் போட்டது. 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சிங் பக்கம் பேசியதும் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரக் குழந்தையின் முதுகைக் கையாண்ட வீடியோ பரவி ஊரே கொந்தளித்த பிறகு, இரண்டு வயதுக்குக் கீழே யாருக்கும் செய்யக் கூடாது என்று 2019-இல் அங்குள்ள கைரோபிராக்டிக் வாரியமே நிறுத்திவைத்தது. உங்கள் மகனின் புத்தகப் பையில் வேண்டாத நோட்டை எடுத்துவிடுங்கள். ஃபேமிலி பேக் அவனுக்கு வேண்டாம்.

நல்லவரை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டீர்கள். நம் நாட்டில் இது சிக்கல். டாக்டருக்கு மருத்துவக் கவுன்சில் இருக்கிறது, பல் டாக்டருக்கு இருக்கிறது, சித்த வைத்தியருக்கும் ஆயுர்வேத வைத்தியருக்கும்கூட இருக்கிறது. கைரோபிராக்டருக்கென்று இந்தியாவில் சட்டமும் கிடையாது, பதிவேடும் கிடையாது. பிரிட்டனில் 1994-ஆம் வருஷச் சட்டப்படி பதிவு செய்யாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வதே குற்றம். இங்கே வெளிநாட்டில் நாலு வருஷம் முழுநேரம் படித்தவரும், சனி ஞாயிறு வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் ஒரே மாதிரி போர்டு மாட்டலாம். பெயருக்கு முன்னால் உள்ள 'டாக்டர்' என்பதும் உதவாது. அதைப் போடலாமா கூடாதா என்று எங்கள் துறையிலேயே இன்னும் சண்டை ஓயவில்லை.

அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள். எங்கே படித்தீர்கள், எத்தனை வருஷம், எந்த நாட்டில் பதிவு? பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் ஆகிய இடங்களின் பதிவேடுகள் இணையத்தில் யார் வேண்டுமானாலும் பெயர் போட்டுத் தேடும்படி திறந்திருக்கின்றன. பிசியோதெரபி படித்துவிட்டு இதைக் கூடுதலாகக் கற்றவர் என்றால் அதை மறைக்காமல் சொல்கிறாரா என்று பாருங்கள். பலர் நன்றாகவே செய்கிறார்கள். முக்கியமாக இதைக் கேளுங்கள்: 'என்ன மாதிரி ஆட்களை நீங்கள் தொட மாட்டீர்கள்?' பதில் தயாராக இருந்தால் நல்ல ஆள். 'எல்லாருக்கும் செய்யலாம் சார், சைடு எஃபெக்டே கிடையாது' என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு கைரோபிராக்டர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். நாலு வருஷம் முன்பு முதுகு வலியோடு வந்த ஒரு லாரி டிரைவரை மேசையில் ஏற்றவே இல்லை. சாயங்காலம் காய்ச்சல் அடிக்கிறது, பேன்ட் தொளதொளவென்று ஆகிவிட்டது என்று பேச்சுவாக்கில் அவர் சொன்னது போதுமாக இருந்தது. எழுதிக் கொடுத்து நேரே அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். முதுகெலும்பில் காசநோய். நம் ஊரில் இது அபூர்வமே இல்லை. அரித்துப்போன அந்த எலும்பில் ஒரு அழுத்து அழுத்தியிருந்தால் இரண்டு காலும் போயிருக்கும். அன்றைக்கு அந்தக் கைரோபிராக்டருக்கு வருமானம் பூஜ்யம். என் நோயாளிகள் யாராவது கைரோபிராக்டரைத்தான் பார்ப்பேன் என்று அடம்பிடித்தால் நான் அவரிடம்தான் அனுப்புகிறேன்.

உங்கள் கைக்கு வாருங்கள். பெருவிரல் வரை வரும் குறுகுறுப்பு, கழுத்தில் ஆறாவது நரம்பு வேர் உறுத்தப்படுவதைக் காட்டலாம். மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதாலும் வரலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கையால் செய்கிற பரிசோதனையே பெரும்பாலும் போதும். எலும்பு மூட்டு டாக்டரையோ நரம்பு டாக்டரையோ ஒரு தடவை பாருங்கள். கழுத்து நரம்பு வேர் உறுத்தல் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ ஆபரேஷன் இல்லாமல் தணிகிறது. அதற்குள் தம்ளரைப் பிடிக்கும் பலம் குறைந்தால், சட்டைப் பட்டன் போட விரல் தடுமாறினால், நடையில் கால் பின்னினால் காத்திருக்க வேண்டாம். இடுப்பைப் பொறுத்தவரை, சிறுநீர் போக முடியாமல் அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ அது அன்றைக்கே ஆஸ்பத்திரி விஷயம்.

மற்றபடி லேப்டாப்பை நாலு புத்தகத்தின்மேல் தூக்கி வையுங்கள், பையரோடு பேசும்போது எழுந்து நடந்துகொண்டே பேசுங்கள். நியூயார்க்காரருக்கு நீங்கள் நிற்பதும் நடப்பதும் தெரியப்போவதில்லை.

முன்பணம் 5,000-த்தை எழுத்தில் திரும்பக் கேளுங்கள், வாட்ஸ்அப் போதும். பெறாத சிகிச்சைக்குப் பணம் என்று தெளிவாக எழுதுங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. எக்ஸ்ரே படத்தையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் காசில் எடுத்தது அது. அடுத்த டாக்டர் மறுபடி எடுக்கச் சொல்லாமல் இருப்பார்.

அப்புறம் அந்த சலூன். முடி வெட்டி முடித்து, தலையில் எண்ணெய் வைத்துத் தட்டி, கடைசியில் தாடையில் ஒரு கையும் உச்சியில் ஒரு கையும் வைத்து உங்கள் கழுத்தை ஒரு வெட்டு வெட்டுவாரே, அந்தச் சுகம் எனக்கும் தெரியும். கல்லூரி நாளில் அதற்காகவே ஒரு கடைக்குப் போவேன். இப்போது நாற்காலியில் உட்காரும்போதே 'அண்ணே, கழுத்து வேண்டாம்' என்று சொல்லிவிடுகிறேன். அவருக்கு முகம் சுண்டிப்போகும். தோள் இரண்டையும் நன்றாகப் பிடித்துவிடச் சொல்லுங்கள், சமாதானமாகிவிடுவார்.